விட்டு விட்டு எரியும் செக் என்ஜின் விளக்கு: பழைய டர்போ டீசல் காரில் பழுதைப் பிடிக்கும் முறை

நிலையாக எரியும் செக் என்ஜின் விளக்கின் காரணத்தைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் கடினமல்ல. இரண்டு நாள் எரிந்து, மூன்றாம் நாள் தானாக அணைந்து, மழை பெய்த ஒரு காலையில் மறுபடியும் எரியும் விளக்குதான் பணத்தையும் பொறுமையையும் தின்கிறது. பட்டறைக்குக் கொண்டுபோகும்போது வண்டி நன்றாக ஓடும். ஸ்கேனரில் எந்தப் பாகத்தின் பெயர் வந்ததோ அந்தப் பாகத்தை மாற்றிக் கொடுப்பார்கள். சில நாள் கழித்து அதே விளக்கு மறுபடியும் எரியும்.

இந்த வழிகாட்டி 2007க்கும் 2017க்கும் இடையில் வந்த காமன் ரெயில் (டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர்கள் எல்லாவற்றுக்கும் உயர் அழுத்த டீசலைத் தரும் பொதுக் குழாய்) டர்போ டீசல் கார்களுக்கானது. 1.3 லிட்டர் மல்டிஜெட் என்ஜின் பொருத்திய ஸ்விஃப்ட்டும் இண்டிகா விஸ்டாவும் இன்றும் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் ஏராளமாக ஓடுகின்றன. இங்கே சொல்லும் வரிசை அவற்றுக்கும் அந்தக் காலத்து மற்ற டர்போ டீசல்களுக்கும் பொருந்தும். விளக்கு எரிந்த நேரத்தில் என்ஜின் எந்த நிலையில் இருந்தது என்பது தெரியாமல் ஒரு பாகத்தையும் மாற்றக் கூடாது என்பதுதான் வரிசை முழுவதற்கும் அடிப்படை.

1. ஓட்டலாமா, நிறுத்த வேண்டுமா

மஞ்சள் நிறச் செக் என்ஜின் விளக்கு மட்டும் எரிந்து, வண்டியின் இழுவையும் சத்தமும் மாறாமல் இருந்தால், நிதானமாக வீடுவரை ஓட்டிச் செல்லலாம். இழுவை திடீரெனக் குறைந்து, எவ்வளவு மிதித்தாலும் என்ஜின் வேகம் ஏறாமல் போனால், அது லிம்ப் மோடு. என்ஜினைக் காப்பாற்றக் காரின் கம்ப்யூட்டரே, டர்போ என்ஜினுக்குள் திணிக்கும் காற்றின் அழுத்தத்தையும் டீசலையும் குறைத்துவிட்ட நிலை அது. மெதுவாக ஓட்டலாம், முந்திச் செல்ல முயலக் கூடாது.

சிவப்பு நிற ஆயில் விளக்கு எரிந்தாலோ, வெப்பமானி முள் மேலே போனாலோ, டர்போ பக்கமிருந்து உலோகம் உரசும் கீச்சொலி வந்தாலோ, அந்த இடத்திலேயே என்ஜினை நிறுத்த வேண்டும். டர்போவின் தண்டு ஆயில் படலத்தின் மேல்தான் சுழல்கிறது. ஆயில் அழுத்தம் இல்லாமல் ஓடும் சில விநாடிகளே அதைக் கெடுத்துவிடும்.

2. தொடங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

நேரலை அளவுகளையும், பிழை பதிவான கணத்து அளவுகளான ஃப்ரீஸ் ஃப்ரேமையும் காட்டக்கூடிய ஸ்கேனர், டிஜிட்டல் மல்டிமீட்டர், கையால் இயக்கும் வேக்குவம் பம்ப், கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே, என்ஜினுக்குள் போகும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ (காற்றளவு) சென்சாருக்கென்றே விற்கும் தனி ஸ்ப்ரே, நல்ல டார்ச், சோப்புத் தண்ணீர், ஒரு நோட்டு. இவ்வளவு போதும்.

ஸ்கேனரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 என்னும் புகைத் தரத்துக்கு உட்பட்ட கார்களுக்கு, பிழைகளைத் தானே கண்டறிந்து பதியும் ஓபிடி-2 அமைப்பு கட்டாயமானது 2013 ஏப்ரலில்தான். அதற்கு முந்தைய கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே அதே 16 பின் சாக்கெட் இருந்தாலும், கைப்பேசியோடு இணையும் மலிவான புளூடூத் அடாப்டர் அந்தக் காரோடு பேசாமல் போகலாம். அடாப்டர் இணையவில்லை என்பதற்காகக் காரின் கம்ப்யூட்டரைச் சந்தேகிக்க வேண்டாம். அந்தக் கம்பெனி வண்டிகளுக்கான மென்பொருள் உள்ள பட்டறை ஸ்கேனரில் முதலில் பாருங்கள்.

டெஸ்ட் லைட் எனப்படும் பல்பு வைத்த சோதனைக் கம்பியை என்ஜின் சென்சார் வயர்களில் வைக்கக் கூடாது. பல்பு இழுக்கும் மின்னோட்டத்தைத் தாங்கும் அளவுக்குக் கம்ப்யூட்டரின் உள்சுற்றுகள் வடிவமைக்கப்படவில்லை. மல்டிமீட்டர் மட்டுமே பாதுகாப்பானது.

3. அழிப்பதற்கு முன் படித்து எழுதுதல்

புதிதாக வருபவர்கள் தடுமாறும் இடம் பெரும்பாலும் இதுதான். பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டினால் விளக்கு அணைந்துவிடும் என்று யாராவது சொல்வார்கள். அணையவும் செய்யலாம். ஆனால் அதோடு சேர்ந்து பழுதைப் பற்றிய ஒரே சாட்சியமும் பல கார்களில் அழிந்துவிடும். பட்டறையில் ஸ்கேனரை மாட்டியதுமே அழிக்கும் பொத்தானை அழுத்தும் பழக்கம் சிலரிடம் உண்டு. "அண்ணே, அழிக்காதீங்க, முதல்ல போட்டோ எடுத்துக்குவோம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதில் தவறில்லை.

சாவியை ஆன் நிலையில் வைத்து, என்ஜினை ஓட்டாமல், மூன்று பட்டியல்களையும் படம் எடுங்கள்: உறுதியான பிழைக் குறியீடுகள், நிலுவையில் உள்ளவை, ஃப்ரீஸ் ஃப்ரேம். நிலுவைப் பட்டியலைப் பலர் திறந்தே பார்ப்பதில்லை. விட்டு விட்டு வரும் பழுதில் அதுதான் முக்கியம்.

காரணம் இதுதான். புகை தொடர்பான பல பிழைகளைக் கம்ப்யூட்டர் முதல் முறை கண்டதும் விளக்கைப் போடாது. நிலுவையில் வைத்துக்கொண்டு, அடுத்த ஓட்டத்திலும் அதே பிழை வந்தால்தான் போடும். அதேபோல, தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் பிழை தென்படாவிட்டால் விளக்கு தானாக அணையும். குறியீடு மட்டும், பொதுவாக என்ஜின் குளிர்ந்து சூடேறும் 40 சுழற்சிகள் வரை நினைவில் தங்கும். ஆகவே விளக்கு இன்று அணைந்தது என்பதற்குப் பழுது இன்று நீங்கியது என்று பொருள் அல்ல. கடைசிச் சில ஓட்டங்களில் அந்தப் பழுது வெளிப்படுவதற்கான சூழ்நிலை அமையவில்லை என்பதுதான் பொருள்.

ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பது பிழை பதிவான கணத்தில் கம்ப்யூட்டர் எடுத்துவைத்த அளவுகளின் தொகுப்பு. என்ஜின் சுழற்சி வேகம், வண்டி வேகம், கூலன்ட் வெப்பம், சுமை விழுக்காடு, பெரும்பாலும் உள்ளிழுப்பு அழுத்தம் ஆகியவை அதில் இருக்கும். இதை வாசிக்கப் பழகியவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். டர்போ அழுத்தம் போதவில்லை என்னும் பி0299 குறியீடு 2,400 சுழற்சியில், 85 விழுக்காடு சுமையில், சூடான என்ஜினில் பதிவாகியிருந்தால், அழுத்தம் ஏறும்போது மட்டும் திறக்கும் ஒரு கசிவைத் தேட வேண்டும். காற்றளவு சென்சாரைச் சுட்டும் பி0101 குறியீடு, கூலன்ட் 30 டிகிரிக்கு அருகே இருக்கும்போது, வண்டி நின்ற நிலையில் பதிவாகியிருந்தால், டர்போவைத் தொடவே வேண்டாம்; இரவு ஈரம் இறங்கிய கனெக்டர் ஒன்றைத் தேடுங்கள்.

குறியீடு ஒரு பாகத்தின் பெயரைச் சொன்னாலும், கம்ப்யூட்டர் அறிந்தது அந்தப் பாகத்திலிருந்து வந்த அளவு எதிர்பார்த்த எல்லைக்குள் இல்லை என்பதை மட்டுமே. பாகம் கெட்டதா, வயர் கெட்டதா, உண்மையிலேயே காற்று குறைந்ததா என்பதை அதனால் சொல்ல முடியாது.

4. எப்போது எரிகிறது என்ற குறிப்பு

நோட்டை வண்டியிலேயே வைத்துக்கொண்டு, விளக்கு எரியும் ஒவ்வொரு முறையும் வண்டியை ஓரமாக நிறுத்தியபின் சில விவரங்களை எழுதுங்கள். என்ஜின் குளிராக இருந்ததா சூடாக இருந்ததா, மழையா வெயிலா, ஏசி ஓடியதா, எத்தனை பேர் இருந்தார்கள், டேங்கில் எவ்வளவு டீசல் இருந்தது, சற்று முன் மேடுபள்ளத்தில் குலுங்கியதா என்பவை போதும்.

சில பதிவுகளிலேயே ஒரு சாயல் தெரியும். மழைக்குப் பின் மட்டும் வந்தால் கனெக்டரும் எர்த்தும். முந்தும்போது மட்டும் வந்தால் காற்றுப் பாதையும் டர்போ கட்டுப்பாடும். டேங்க் கால் பங்குக்குக் கீழே போனபின் வந்தால் டீசல் பாதை. குலுங்கியபின் வந்தால் வயரிங். நாள்முழுதும் வெயிலில் நின்றபின், சூட்டோடு ஸ்டார்ட் செய்ய அடம்பிடித்து வந்தால், என்ஜின் சுழல்வதை அளக்கும் கிராங்க் சென்சாரைச் சந்தேகப் பட்டியலில் முன்னால் கொண்டுவாருங்கள். சூட்டில் அறுந்து, குளிர்ந்ததும் சேர்ந்துகொள்ளும் சுருள் அந்தச் சென்சாரின் பழக்கமான நோய்.

5. பேட்டரி, சார்ஜ், எர்த்

எந்தக் குறியீடு வந்திருந்தாலும் மின்னழுத்தத்தை அளந்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். பெரும்பாலான சென்சார்கள் கம்ப்யூட்டர் தரும் 5 வோல்ட்டையும் அதன் எர்த்தையும் நம்பி அளக்கின்றன; அடித்தளமே ஆடினால் அளவுகள் அத்தனையும் பொய் சொல்லும்.

இரவு முழுதும் நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். ஸ்டார்ட்டர் சுழலும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழக் கூடாது. என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை நிற்க வேண்டும். ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் தொடர்பில்லாத நான்கைந்து குறியீடுகள் ஒன்றாக விழுந்திருந்தால், மின்னழுத்தம் தாழ்ந்ததே காரணம் என்று எடுத்துக்கொண்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

எர்த்தைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மறுமுனையை என்ஜின் பிளாக்கிலும் வைத்து, ஹெட்லைட், ஏசி, பின்கண்ணாடி ஹீட்டர் அனைத்தையும் ஓடவிட்டு அளக்கவும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த எர்த் பட்டையைக் கழற்றி, இரு முகங்களையும் உலோகம் தெரியும்வரை தேய்த்து, இறுக்கிப் பூட்டி, மேலே கிரீஸ் தடவ வேண்டும். வேளாங்கண்ணி, நாகை, வேதாரண்யம் பக்கத்து வண்டிகளில் இதைத் தவறாமல் செய்யுங்கள். உப்புக் காற்றில் எர்த் பட்டையின் கம்பிகள் உறைக்குள்ளேயே பச்சை பிடித்து அரித்துப் போயிருக்கும். வெளியே எதுவும் தெரியாது.

6. வயரிங்கும் கனெக்டர்களும்

விட்டு விட்டு எரியும் விளக்குக்கு என் கணிப்பில் முதல் இடம் சென்சாருக்கு அல்ல, வயருக்குத்தான். கெட்ட சென்சார் பெரும்பாலும் கெட்டபடியே இருக்கும். பாதி அறுந்த வயர்தான் ஒரு நாள் தொட்டுக்கொண்டும் ஒரு நாள் விலகியும் இருக்கும்.

முதலில் எலியைத் தேடுங்கள். அறுவடைக்குப் பிறகு வயலில் தீனி குறைந்ததும் எலிகள் களத்துக்கும் வீட்டோரத்துக்கும் வருகின்றன. வைக்கோற்போருக்கு அருகிலோ நெல் மூட்டை அடுக்கிய கொட்டகையிலோ நிற்கும் காரின் பானெட்டுக்குள் சூடும் மறைவும் சேர்ந்து கிடைக்கின்றன. என்ஜின் மேல்மூடியைக் கழற்றி, அதன் அடியில் வைக்கோல், உமி, எச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். எலி கடித்த வயர் முழுவதும் அறுந்திருக்க வேண்டியதில்லை. உறை மட்டும் போய்ச் செம்பு தெரிந்தால் போதும். மழை நாளில் அந்த இடத்தில் கசிவு மின்சாரம் ஓடி அளவு மாறும், வெயிலில் காய்ந்ததும் எல்லாம் சரியாகிவிடும்.

அடுத்து, வயர் கட்டு வளையும் இடங்கள்: பேட்டரித் தட்டின் ஓரம், இன்ஜெக்டர்களுக்கு மேலே போகும் பகுதி, டர்போவின் வெப்பத் தடுப்புத் தகட்டுக்கு அருகே, கேபினுக்குள் நுழையும் ரப்பர் வளையம். இன்ஜெக்டர் வயர்களைக் கையாளும் முன் என்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்துவிடுங்கள்; அந்தச் சுற்றில் பேட்டரியைவிடப் பல மடங்கு அதிக மின்னழுத்தம் பாயும்.

கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, பச்சை படிந்த, வளைந்த அல்லது உள்ளே தள்ளப்பட்ட பின்கள், ரப்பர் சீல் இல்லாத கனெக்டர் ஆகியவற்றைத் தேடவும். கான்டாக்ட் கிளீனரால் மட்டுமே துடைக்கவும். மண்ணெண்ணெயும் டீசலும் ரப்பர் சீலை ஊதவைத்துவிடும். உப்புத்தாள் பின்னின் மேற்பூச்சைச் சுரண்டி, அரிப்பை இன்னும் வேகமாக்கும்.

இதற்குப் பிறகு அசைத்துப் பார்க்கும் சோதனை. என்ஜினை மிதிக்காமல் ஐடிலில் ஓடவிட்டு, சந்தேகப்படும் சென்சாரின் நேரலை அளவை ஸ்கேனரில் திறந்து, ஒருவர் திரையைப் பார்க்க மற்றவர் வயர் கட்டைக் கைநீளம் கைநீளமாக மெல்ல அசைக்க வேண்டும். சுழலும் பெல்ட்டுக்கும் விசிறிக்கும் கையைக் கொண்டுபோகக் கூடாது. ஒரு குறிப்பிட்ட இடத்தை அசைக்கும்போது அளவு துள்ளினால் பழுது உங்கள் கையில் இருக்கிறது. எதுவும் துள்ளவில்லை என்றால், கனெக்டர்களின் மேல் மட்டும் தண்ணீரை மெல்லிய பனியாகத் தெளித்து மறுபடியும் செய்யுங்கள். முழு என்ஜினையும் பிரஷர் வாட்டரால் கழுவிப் பார்ப்பது சோதனை ஆகாது. அது புதிய பழுதுகளைச் சேர்க்கும்.

பழுது பார்க்கும் இடத்தில் வயரை முறுக்கி டேப் சுற்றுவதோடு நிறுத்தாதீர்கள். ஈயம் வைத்துப் பற்றவைத்து, பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூடினால்தான் ஐப்பசி, கார்த்திகை மழையைத் தாங்கும். அளப்பதற்காக வயர் உறையில் ஊசி குத்துவதையும் தவிர்க்கவும். குத்திய துளை வழியே ஈரம் நுழைந்து, சில மாதங்களில் அதே இடம் அரிக்கும்.

ஒரே நேரத்தில் பல சென்சார்களின் அளவு சரிந்தால் அவை அனைத்தும் கெட்டுவிட்டன என்று எண்ண வேண்டாம். 5 வோல்ட்டைப் பகிர்ந்துகொள்ளும் சென்சார்களில் ஒன்று உள்ளே ஷார்ட் ஆனால், மற்றவற்றின் அளவையும் அது கீழே இழுத்துவிடும். 5 வோல்ட் வயரை அளந்தபடியே சென்சார் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ அந்தச் சென்சாரோ அதன் வயரோதான் குற்றவாளி. கழற்றுவதால் புதிய குறியீடுகள் பதிவாகும். முதலில் எடுத்த படம் பத்திரமாக இருந்தால் அதனால் குழப்பம் வராது.

7. காற்றுப் பாதை

காற்று போகும் வரிசையிலேயே பார்க்க வேண்டும்: ஏர் ஃபில்டர், காற்றளவு சென்சார், டர்போ, இன்டர்கூலர் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விப்பது), உள்ளிழுப்பு மேனிஃபோல்டு (அந்தக் காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது). வரிசையைப் பின்பற்றுவதற்குக் காரணம் உண்டு. முன்னால் உள்ள அடைப்பு பின்னால் உள்ள அளவுகளை எல்லாம் மாற்றிக் காட்டும்.

சம்பா அறுவடை நடக்கும் தை, மாசி மாதங்களில் அறுவடை இயந்திரங்களின் தூசியும், சாலையில் காயும் நெல்லின் பதரும் ஏர் ஃபில்டரில் சேர்கின்றன. கம்பெனிப் புத்தகம் சொல்லும் கிலோமீட்டர் கணக்கு இங்கே பொருந்தாது. அந்தப் பருவம் முடிந்ததும் ஃபில்டரைத் திறந்தே பார்க்க வேண்டும். பெட்டியின் அடியில் தேங்கிய பதரை அகற்றாமல் ஃபில்டரை மட்டும் மாற்றினால், புதியதும் விரைவில் அடைபடும்.

காற்றளவு சென்சாரின் உள்ளே இருக்கும் சூடேற்றப்பட்ட மெல்லிய படலத்தில் தூசி படிந்தால், வரும் காற்றைவிடக் குறைவாகக் காட்டும். கழற்றி, அதற்குரிய ஸ்ப்ரேயை மட்டும் அடித்து, காயவிட்டு மாட்டவும். விரல், துணி, பஞ்சு எதுவும் உள்ளே படக் கூடாது.

டர்போவுக்குப் பிறகுள்ள கசிவுதான் இந்தக் கார்களில் அதிகம். ரப்பர் ஹோஸின் அடிப்பக்கம் ஏதாவது தாங்கியில் உரசி விரிசல் விட்டிருக்கும். ஐடிலில் அந்த விரிசல் மூடியே இருக்கும். அழுத்தம் ஏறியதும் திறக்கும். அதனால்தான் பட்டறையில் நிற்கும் வண்டியில் எதுவும் தெரிவதில்லை. கறுப்புப் புகை, மிதிக்கும்போது உஸ் என்ற காற்றொலி, குறைந்த இழுவை ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் இதைத்தான் முதலில் தேட வேண்டும். ஹோஸின் உட்புறத்தில் மெல்லிய ஆயில் பூச்சு இருப்பது இயல்பு. ஒரு கிளாம்புக்குக் கீழே மட்டும் சொட்டும் அளவுக்கு ஈரமும் தூசியும் அப்பியிருந்தால் அங்கே காற்று வெளியேறுகிறது.

கண்ணுக்குத் தெரியாத கசிவுக்கு அழுத்தச் சோதனை தேவை. போர்வெல் சாமான் விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும் பிவிசி மூடியில், ஹோஸின் விட்டத்துக்கு ஏற்றதைத் தேர்ந்து, அதில் துளையிட்டு ட்யூப்லெஸ் டயர் வால்வு ஒன்றைப் பொருத்துங்கள். டர்போவுக்குக் காற்று நுழையும் ஹோஸைக் கழற்றி, அந்த இடத்தில் மூடியைக் கிளாம்பால் இறுக்கி, ரெகுலேட்டர் உள்ள கம்ப்ரஸரிலிருந்து 0.5 பார் முதல் தொடங்கி, 1 பாரைத் தாண்டாமல் காற்றை ஏற்றவும். மூடி கழன்று பறக்கலாம். அதற்கு நேராக நிற்காதீர்கள். இணைப்புகளின் மேல் சோப்புத் தண்ணீரைத் தெளித்தால் கசியும் இடத்தில் நுரை எழும்.

ஆயில் ஊற்றும் மூடியருகே காற்றுச் சத்தம் கேட்டால் பதற வேண்டாம். என்ஜினின் கீழ்ப்பெட்டியான கிராங்க்கேஸின் காற்றுக்குழாய் டர்போவின் நுழைவுப் பக்கம் இணைந்திருப்பதால், அந்த வழியே காற்று உள்ளே போகும். சோதனையின்போது அந்தக் குழாயைக் கழற்றி இரு முனைகளையும் அடைத்துக்கொண்டால் முடிவு தெளிவாக இருக்கும். என்ஜினுக்குள் திறந்திருக்கும் வால்வு வழியாகவும் கொஞ்சம் போகும் என்பதால் அழுத்தம் மெதுவாக இறங்குவது பிழை அல்ல.

ஹோஸை மாற்றும் முன் என்ஜின் மவுண்டிங்கையும் பாருங்கள். ரப்பர் செத்துப்போன மவுண்டிங்கில் என்ஜின், மிதிக்கும்தோறும் ஒரு பக்கம் சாயும். ஹோஸும் வயரும் இழுபடும். மவுண்டிங்கைக் கவனிக்காமல் போட்ட புது ஹோஸ் அதே இடத்தில் கிழியும்.

8. டர்போ கட்டுப்பாடு

டர்போ எந்த வகை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 75 குதிரைத்திறன் மல்டிஜெட் ஸ்விஃப்ட்டில் நிலையான அமைப்புள்ள சிறிய டர்போ உள்ளது. எர்டிகா போன்றவற்றில் வந்த 90 குதிரைத்திறன் வகையில் உள்ளே இதழ்கள் அசையும் டர்போ. இதழ் இல்லாத டர்போவில் இதழ் ஒட்டிக்கொண்டது என்று சொல்லிப் பணம் வாங்க முடியாது.

இதழ் வகையில், டெல்டாவின் ஓட்டுமுறையே ஒரு காரணமாகிறது. கிராமத்திலிருந்து கடைத்தெருவுக்கும் திரும்பவும் என்று குறைந்த வேகத்தில் ஓடும் வண்டியில், இதழ்கள் பெரும்பாலும் ஒரே நிலையில் நின்று, அவற்றைச் சுற்றிக் கரி படிகிறது. பிறகு ஒரு நாள் நான்குவழிச் சாலையில் அழுத்தி மிதிக்கும்போது இதழ் திறக்கத் தாமதித்து, அழுத்தம் எல்லை மீறிப் பி0234 பதிவாகி, வண்டி லிம்ப் மோடுக்குப் போகும். என்ஜினை நிறுத்தி மறுபடி போட்டால் சரியாகிவிடும். இந்த ஒழுங்கு மீண்டும் மீண்டும் வந்தால் இதழ்களைச் சந்தேகிக்கலாம்.

இதழ்களை அசைக்கும் ஆக்சுவேட்டர் வேக்குவத்தால் இயங்குவதாக இருந்தால் கைப் பம்பை நேரடியாக அதில் மாட்டி மெதுவாக இழுங்கள். தண்டு தடங்கலின்றி முழுத் தூரமும் நகர வேண்டும். ஒரு நிமிடம் அப்படியே நிற்க வேண்டும். நடுவில் திக்கித் துள்ளினால் இதழில் கரி. நிற்காமல் இறங்கினால் ஆக்சுவேட்டரின் உள்சவ்வு கிழிந்திருக்கிறது. இரண்டும் சரியென்றால் மெல்லிய வேக்குவம் குழாய்களையும், வேக்குவத்தைக் கட்டுப்படுத்தும் மின்வால்வான சோலினாய்டையும் பாருங்கள். என்ஜின் சூட்டில் கெட்டிப்பட்டு முனையில் விரிசல் விட்ட குழாயை, நீளம் இருந்தால், சிறிது வெட்டிவிட்டு மாட்டினாலே போதும். இந்தச் சோதனையை என்ஜின் சூடாக இருக்கும்போதும் ஒருமுறை செய்ய வேண்டும், ஏனெனில் குளிரில் நகரும் தண்டு சூட்டில் சிக்கலாம். கனமான கையுறை அவசியம்.

டர்போவைக் கழற்றுவது இத்தனைக்கும் பிறகுதான். டர்போவின் தண்டில் பக்கவாட்டில் சிறிய ஆட்டம் இருப்பது இயல்பு. முன்பின்னாக உணரும்படி ஆட்டமோ, இறக்கை உறையில் உரசிய கீறலோ இருந்தால் மட்டுமே அது கெட்டது.

9. டீசல் பக்கம்

ரெயில் அழுத்தம் குறைவு என்னும் பி0087 வந்திருந்தால் மட்டும் இங்கே நேரம் செலவிடுங்கள். டீசல் ஃபில்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி, கண்ணாடிப் பாத்திரத்தில் சிறிது வடித்து, அசையாமல் வைத்தால், தண்ணீர் இருந்தால் அடியில் பிரிந்து நிற்கும். பம்புசெட்டுக்கும் டிராக்டருக்கும் கேனில் வாங்கிவைத்த டீசலைக் காரில் ஊற்றும் வழக்கம் இருந்தால் அதை நிறுத்துங்கள். கேனில் சேரும் ஈரமும் துருவும் பழைய பம்புகளைப் பெரிதாகப் பாதிக்காமல் இருந்திருக்கலாம். காமன் ரெயில் இன்ஜெக்டர் அதைத் தாங்காது.

பழைய டீசல் என்ஜினில் செய்வதுபோல, என்ஜின் ஓடும்போது இன்ஜெக்டர் குழாய் நட்டைத் தளர்த்திப் பார்க்கவே கூடாது. ரெயிலில் ஐடிலிலேயே நூற்றுக்கணக்கான பார் அழுத்தம் உண்டு. அந்தப் பீச்சல் தோலைத் துளைத்துச் சதைக்குள் டீசலைச் செலுத்திவிடும்.

10. சாலையில் பதிவு செய்தல்

நிறுத்திவைத்துச் செய்யும் சோதனைகளில் எதுவும் பிடிபடவில்லை என்றால், பழுது வரும் சூழ்நிலையை நாமே உருவாக்க வேண்டும். டெல்டாவில் இதற்கு ஒரு தடை உண்டு: மேடே இல்லாத நிலம். கும்பகோணத்திலிருந்து மன்னார்குடிவரை ஓட்டினாலும் என்ஜினுக்கு முழுச் சுமை வராமலே போகலாம். ஆகவே நான்கு பேரை ஏற்றி, ஏசியைப் போட்டு, தஞ்சாவூர்–திருச்சி நான்குவழிச் சாலை போன்ற திறந்த சாலையில், போக்குவரத்துக் குறைந்த பகல் நேரத்தில், மேம்பாலத்தின் ஏற்றத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். மூன்றாம் கியரில் 1,500 சுழற்சியிலிருந்து 3,500 வரை முழுதாக மிதித்து ஏற்ற வேண்டும். சட்டப்படியான வேகத்துக்குள் இது முடிந்துவிடும். ஓட்டுபவர் திரையைப் பார்க்கக் கூடாது. அதற்கு இன்னொருவர் கட்டாயம் வேண்டும்.

பதிவு செய்யும் அளவுகள் நான்கைந்துக்கு மேல் வேண்டாம். மலிவான அடாப்டர் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் கேட்டு வாங்கும். இருபது அளவுகளைத் திறந்தால் ஒவ்வொன்றும் சில விநாடிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படும், கண நேரத்துப் பழுது இடைவெளியில் தப்பிவிடும். சுழற்சி வேகம், உள்ளிழுப்பு அழுத்தம், காற்றளவு, மின்னழுத்தம் ஆகியவற்றோடு, டீசல் சந்தேகம் இருந்தால் ரெயில் அழுத்தம். கம்பெனி மென்பொருள் உள்ள ஸ்கேனராக இருந்தால், கம்ப்யூட்டர் கேட்ட அழுத்தத்தையும் கிடைத்த அழுத்தத்தையும் சேர்த்துப் பதியுங்கள். அந்த இரண்டு கோடுகள் பிரியும் இடம்தான் நமக்கு வேண்டும்.

புறப்படும் முன், என்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் போட்டு உள்ளிழுப்பு அழுத்தத்தைப் பாருங்கள். கடல்மட்டத்தை ஒட்டிய இந்தப் பகுதியில் அது 100 கிலோபாஸ்கலை ஒட்டி இருக்க வேண்டும். 90 என்றோ 110 என்றோ காட்டினால் அந்தச் சென்சாரோ அதன் வயரோதான் பொய் சொல்கிறது. சாலைக்கே போக வேண்டியதில்லை.

பதிவை வாசிக்கும்போது எது முதலில் மாறியது என்று மட்டும் பாருங்கள். காற்றளவு உயர்ந்துகொண்டே போக, உள்ளிழுப்பு அழுத்தம் மட்டும் ஏறாமல் நின்றால், டர்போவுக்கும் மேனிஃபோல்டுக்கும் இடையே காற்று வெளியேறுகிறது. இரண்டும் சேர்ந்தே தாழ்ந்திருந்தால் முன்னால் அடைப்பு, அல்லது டர்போ கட்டுப்பாடு. அளவு மெதுவாகச் சரியாமல் ஒரே கணத்தில் பூஜ்யத்துக்கோ உச்சத்துக்கோ தாவித் திரும்பினால் அது வயர். காற்றும் டீசலும் அப்படித் தாவுவதில்லை. எல்லாவற்றுக்கும் முன் மின்னழுத்தம் குலைந்திருந்தால் ஐந்தாம் படிக்குத் திரும்புங்கள்.

11. சரியானதை உறுதி செய்தல்

பழுதைக் கண்டு சரிசெய்த பிறகுதான் குறியீடுகளை அழிக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஹோஸ், சென்சார், சோலினாய்டு மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால், விளக்கு அணைந்தாலும் எது காரணம் என்று தெரியாது, மீண்டும் எரிந்தால் தொடங்க இடமும் இருக்காது.

பிறகு, நோட்டில் எழுதிய அதே சூழ்நிலையில் ஓட்டிப் பாருங்கள். மழையில் வந்த பழுதை மழையில், சுமையில் வந்ததைச் சுமையில். வெயில் நாளில் சந்தைக்குப் போய்வந்துவிட்டு, மழை நாளில் வந்த பழுது தீர்ந்தது என்று சொல்ல முடியாது. வாரம் ஒருமுறை நிலுவைப் பட்டியலைத் திறந்து பாருங்கள். விளக்கு எரிவதற்கு முன்பே பழுது அங்கேதான் முதலில் தலைகாட்டும். அந்தப் பட்டியல் தொடர்ந்து காலியாக இருந்து, பழைய சூழ்நிலையும் ஒருமுறையாவது வந்து போயிருந்தால், மேல்மூடியைப் பூட்டிவிடலாம்.